அறுபத்தெட்டுப் பேர்

ப்ரியம்வதா விமானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்ரீரங்கம் மேல உத்தர வீதியில் அதை யாரும் உத்தியோகமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் அவளுடைய சித்தப்பா இலைக்கு முன்னால் சம்மணம் போட்டுக்கொண்டு, "ஏன்டி, ஆகாசத்துல பரிமாறப் போறியாமே? இங்கே ரசத்தை ஊத்திட்டுப் போ, கை பழகட்டும்" என்றார். பந்தி சிரித்தது. அவள் வாளியை வாங்கி வரிசை முழுவதற்கும் ரசம் ஊற்றினாள். முடித்துவிட்டு உள்ளே போய், "நாப்பத்திரண்டு இலை. உங்க பாயசம் நாப்பதுக்குத்தான் வரும்" என்று சமையற்காரரிடம் சொன்னாள். "அதெல்லாம் நாங்க பாத்துப்போம்" என்றார் அவர். கடைசி இரண்டு இலைக்குப் பாயசம் வரவில்லை. அதில் ஒன்று சித்தப்பாவுடையது.

யார் என்ன கேட்டாலும் அவள் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "அவ பரிமாறப் போகலை. ஏத்தினவா எல்லாரையும் பத்திரமா எறக்கி விடறதுக்குப் போறா."

அம்மா சொன்னது சரி. அந்த வேலைக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் பயிற்சிப் பள்ளியிலும் கிடைக்கவில்லை. அங்கே ஆறு வாரம் விபத்துகளைப் பற்றியே பாடம் நடந்தது. அவள் சேர்ந்த கம்பெனி ஓட்டியது பெரிய ஜெட் அல்ல. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய விசிறி வைத்த, எழுபத்திரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். அந்த மாதிரி விமானங்கள் எங்கெங்கே எப்படி விழுந்தன என்று திரையில் படம் காட்டினார்கள். இறக்கையில் பனி உறைந்து விழுந்தது ஒன்று. ஒரு இன்ஜின் கெட்டபோது பதற்றத்தில் நல்ல இன்ஜினை அணைத்து விழுந்தது ஒன்று. சக்கரம் பூட்டாமல் இறங்கியதில் விசிறி தரையில் அடித்து, உடைந்த துண்டு பக்கவாட்டுச் சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது ஒன்று. மற்றவர்கள் ஏன் விழுந்தது என்று கேட்டார்கள். ப்ரியம்வதா ஒவ்வொரு படத்துக்கும், "உள்ளே எத்தனை பேர், வெளியே வந்தது எத்தனை பேர்?" என்று கேட்டாள். ஆசிரியருக்குச் சிலதுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் பார்த்துக்கொண்டு வந்து சொன்னார்.

பதினான்கு வருஷம் ஓடிற்று. அவளுக்கு முப்பத்தேழு வயது. பெங்களூர் - திருச்சி தடத்தில் மூத்த பணிப்பெண். ஒருவரும் ஏறுவதற்கு முன் கதவருகே நிற்பாள். கையில் கடிகாரம் மாதிரி ஒரு கருவி. அழுத்தினால் ஒன்று கூடும். ஏறும்போது ஒரு தரம் எண்ணுவாள். எல்லாரும் உட்கார்ந்ததும் இன்னொரு தரம். இரண்டும் ஒத்துப்போனாலும் மூன்றாவதாகக் கருவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வாய்க்குள் எண்ணுவாள். கூட வேலை செய்யும் ஷெர்லின் புத்தூர்ப் பெண், வயது இருபத்து மூன்று. "அக்கா, நடுவுல யாராச்சும் குதிச்சா ஓடிருவாங்க?" என்பாள்.

"குதிக்க மாட்டா. நான் தப்பா எண்ணியிருப்பேன்."

"இதுவரைக்கும் தப்பா எண்ணியிருக்கீங்களா?"

"இல்லை. அதான் எண்ணறேன்."

மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின பகல்பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள். மத்தியான விமானம். பாதிப் பேர் ஸ்ரீரங்கம் போகிறவர்கள். பெங்களூரில் கதவருகே வந்து நின்றார் தேசிகன். அறுபத்தெட்டு வயது. பொன்மலை ரயில் பணிமனையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கமலினி வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார். பஞ்சகச்சம், தோளில் அங்கவஸ்திரம். இரண்டு கையாலும் ஒரு மரப்பெட்டியை மார்போடு அணைத்திருந்தார்.

அது என்ன என்று ப்ரியம்வதா கேட்கவில்லை. வீட்டில் ஆராதிக்கும் பெருமாள் இருக்கும் பெட்டிக்கு ஸ்ரீரங்கத்தில் கோயிலாழ்வார் என்று பெயர். அவள் வீட்டிலும் ஒன்று உண்டு. உள்ளே சாளக்கிராமக் கல் இருக்கும். தினமும் தளிகை பண்ணி அவருக்குப் படைக்க வேண்டும், ஒரு நாள் விடக்கூடாது. அதனால் ஊருக்குப் போகிறவர்கள் அவரையும் கூடவே எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போவார்கள். ஆண்கள்தான் தொடுவார்கள். ப்ரியம்வதா தன் வீட்டுப் பெட்டியைப் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை.

"ரெண்டு டிக்கெட்டும்மா" என்றார் தேசிகன். "நேக்கு ஒண்ணு. இவருக்கு ஒண்ணு. மடியில வெச்சுக்கப் படாதுன்னுட்டா, கீழே வெக்க நான் மாட்டேன். கமலினிதான் சீட்டு போட்டா."

கவுண்டரில் ஏற்கெனவே இதைப் பேசி முடித்திருந்தார்கள். ப்ரியம்வதாவின் கைக்கு வந்த காகிதத்தில் பயணிகள் அறுபத்தெட்டு, பொருளுக்காக ஒரு கூடுதல் இருக்கை என்று பேனாவால் எழுதியிருந்தது. ஒன்பதாம் வரிசையில் ஜன்னலோரம் பெட்டி, பக்கத்தில் தேசிகன். பட்டுத் துணி போர்த்தி, குறுக்கே பெல்ட் போட்டுக் கட்டினார்.

"சாமிக்குப் பெல்ட் டைட்டா இருக்கா பாருங்க தாத்தா" என்றாள் ஷெர்லின்.

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. நீ என்னைப் பாரு" என்றார் தேசிகன். சிரிப்பு வந்தது அவருக்கு.

ப்ரியம்வதா மூன்று முறை எண்ணினாள். அறுபத்தெட்டு.

திருவெள்ளறைக்கு மேலே வந்து இறங்கத் தொடங்கியபோது சக்கரங்களை விட்டார்கள். மூன்று சக்கரமும் இறங்கிப் பூட்டிக்கொள்ளும்போது காலுக்கடியில் மூன்று தட்டல் கேட்கும். பதினான்கு வருஷமாக அவள் உள்ளங்காலுக்குத் தெரிந்த தட்டல். அன்று இரண்டுதான் கேட்டது. அவள் கேப்டன் அறையோடு பேசும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அரை நிமிஷத்தில் அது கூப்பிட்டது.

கேப்டன் அர்ஹம் சென்னைக்காரர். சத்தம் போட்டுப் பேசாதவர். "ப்ரியா, இடது சக்கரம் பூட்டலை. ரெண்டு தரம் முயற்சி பண்ணிட்டேன். சுத்தி வந்து எரிபொருளைக் குறைச்சுக்கிட்டு எறங்கப் போறேன். இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. எறங்கினதும் இடது பக்கம் சாயும். விசிறி தரையில அடிக்கும்."

"நாலாவது அஞ்சாவது வரிசை, இடது பக்கம்" என்றாள்.

"அதேதான். காலி பண்ணிடுங்க."

இடப்பக்க விசிறிக்கு நேரே அந்த இரண்டு வரிசையில் நான்கு பேர். விமானத்தில் காலி இருக்கை மூன்று. நான்காவது, பெருமாள் இருந்தது.

அவள் மைக்கை எடுத்து நடந்ததைச் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஒரு குழந்தை அழுதது. பின்வரிசையில் யாரோ திருப்பாவை முணுமுணுக்கத் தொடங்கினார்கள். துவாக்குடிக் கல்லூரி மாணவிகள் இருவரையும், ஒரு வயதான அம்மாளையும் பின்னால் கொண்டுபோய்க் காலி இருக்கைகளில் உட்கார வைத்தாள். மிஞ்சியவர் கலீம். பாலக்கரையில் செருப்புக் கடை வைத்திருப்பவர். கனத்த ஆள். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு ஒன்பதாம் வரிசைக்கு வந்தாள்.

"மாமா, இந்த சீட்டு வேணும்."

தேசிகன் நிமிர்ந்து பார்த்தார். "பெருமாள் இருக்காரேம்மா."

"இந்த சார் இருந்த எடத்துல விசிறி ஒடைஞ்சு உள்ளே வரலாம். இவருக்கு வேற எடம் இல்லை."

கலீம்தான் முதலில் பின்வாங்கினார். "ஏம்மா, சாமி உக்காந்த எடத்துல நான் எப்படிம்மா உக்கார்றது? நான் அங்கனயே இருந்துக்கிறேன். அல்லா பாத்துப்பான்."

"சார், இது சீட்டு. நீங்க உக்காரணும். உங்களைப் பாத்துக்கறது என் வேலை."

தேசிகன் கைகள் பெல்ட்டின் மேல் இருந்தன. அவிழ்க்க வரவில்லை. "எங்கே வெப்பே? காலடியில வெக்கப் படாது. சொல்லிட்டேன்."

"மேலே. எல்லார் தலைக்கும் மேலே. கதவைச் சாத்திப் பூட்டிடுவேன்."

அவர் யோசித்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் ராஜகோபுரம் இரண்டாவது முறையாகச் சுற்றி வந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ப்ரியம்வதா குனிந்து பெல்ட்டைத் தானே அவிழ்த்தாள். பட்டுத் துணியோடு பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். தான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தேசிகன் கண்ணை மூடிக்கொண்டார். தலைக்கு மேலிருந்த அறையில் போர்வைகளுக்கு நடுவே வைத்து, கதவைச் சாத்தி, இழுத்துப் பார்த்தாள். கலீம் இருக்கையின் நுனியில் உட்கார்ந்தார்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க. பெல்ட் போடுங்க. நான் கத்தினதும் தலையைக் குனிஞ்சுக்கணும். வெளியே போகும்போது ஒரு பொருளும் எடுக்கக் கூடாது. ஒரு பொருளும்." கடைசியைத் தேசிகனைப் பார்த்துச் சொன்னாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

தரை வந்தது. வலது சக்கரம் தொட்டது. கொஞ்ச தூரம் ஒரு காலில் ஓடுகிற மாதிரி ஓடிற்று. பிறகு இடது பக்கம் மெல்ல உட்கார்ந்தது. இரும்பைக் கல்லில் தேய்க்கிற சத்தம். நான்காம் வரிசைப் பக்கம் பெரிய இடி. விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் இறங்கி, திரும்பி, நின்றது. புகை நாற்றம் வந்தது. "வெளியேறுங்கள்" என்று கேப்டன் மூன்று முறை சொன்னார்.

முன்பக்கம் வலது அவசர வழியை ஷெர்லின் திறந்தாள். அவள் குரல் கேட்டது, கணீரென்று: "இப்படி வா! இப்படி வா!" ப்ரியம்வதா பின்கதவின் ஜன்னலில் பார்த்தாள். அங்கே தீ இல்லை. திறந்தாள். சாய்ந்திருந்ததால் தரை பக்கத்திலேயே இருந்தது. ஒருவர் பின் ஒருவராகக் குதித்தார்கள். இருபது பேர் போயிருப்பார்கள். வரிசை நின்றது.

நடுவில் தேசிகன். பெட்டி இருந்த மேல் அறைக் கதவின் பிடியில் கை. பின்னால் பதினைந்து பேர் முட்டிக்கொண்டு நின்றார்கள். கலீம் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "அய்யரே, வாங்க, வாங்க" என்றார். தேசிகன் அசையவில்லை. நான்காம் வரிசைக்கு அந்தப் பக்கம் கூரையோரமாகப் புகை கறுப்பாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

ப்ரியம்வதா கத்தினாள். "விடு! கையை எடு! வா!"

பயிற்சியில் அப்படித்தான் சொல்லித்தருவார்கள். ஒற்றைச் சொல். மரியாதை கிடையாது, தயவுசெய்து கிடையாது. ஆனால் அவர் குடியிருக்கும் வடக்கு அடையவளைந்தான் தெருவிலோ, பொன்மலைப் பணிமனையிலோ, தேசிகனை யாரும் நாற்பது வருஷமாக 'வா' என்று கூப்பிட்டதில்லை. அவர் முகத்தில் அறை வாங்கிய மாதிரி திரும்பினார். கை பிடியிலிருந்து நழுவியது. கலீம் அவரைத் தள்ளிக்கொண்டே வந்தார். கதவருகே ப்ரியம்வதா அவர் முதுகில் கை வைத்து வெளியே தள்ளினாள்.

எல்லாரும் போன பிறகு அவள் பின்னாலிருந்து முன்னால் நடந்தாள். குனிந்து, புகைக்குக் கீழே. ஒவ்வொரு இருக்கையிலும் உள்ளங்கையை வைத்து, அடியில் பார்த்து, "யாராவது இருக்கேளா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். ஐந்தாம் வரிசை ஜன்னலோர இருக்கையின் முதுகில் முழ நீளத்துக்கு விசிறித் துண்டு ஒன்று செருகியிருந்தது. அதைத் தாண்டி அடுத்த இருக்கையைத் தொட்டாள். கழிவறைக் கதவைத் திறந்து பார்த்தாள். முன்வழியாகக் குதித்தபோது கணுக்கால் மடங்கியது. அப்போது தெரியவில்லை.

தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டிருந்தன. இடது இன்ஜின் மேல் நுரை கொட்டிக்கொண்டிருந்தது. இறக்கைக்கு அடியில் எரிபொருள் சொட்டியது. காற்றோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, நூறு கஜத்துக்கு அப்பால் எல்லாரையும் சேர்த்து நிறுத்தினாள். முன்வழி ஆட்களும் பின்கதவு ஆட்களும் ஒன்றாக. தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அறுபத்தெட்டு. இன்னொரு முறை, இந்தத் தரம் எதிர்ப்பக்கத்திலிருந்து. அறுபத்தெட்டு.

தீயணைப்பு அதிகாரி அமிர்தசாமி ஓடிவந்தார். ஐம்பது வயதுக்காரர், முகமெல்லாம் வேர்வை. கையில் வாக்கிடாக்கி. "எத்தனை பேரும்மா?"

"அறுபத்தெட்டு. எல்லாரும் வெளியே. கேப்டனும் கோ-பைலட்டும் அதோ. ஷெர்லின் இதோ. நான்."

"டெர்மினல் லிஸ்ட் அறுபத்தொன்பதுன்னு சொல்றாங்க." வாக்கிடாக்கியைக் காதில் வைத்துக் கேட்டார். கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கத்தினார். "லக்ஷ்மிகாந்த்! லக்ஷ்மிகாந்த் தேசிகன், வயசு அறுபத்தொண்ணு, ஒன்பதாவது வரிசை! யாரு? கையைத் தூக்குங்க!"

யாரும் தூக்கவில்லை. அமிர்தசாமி திரும்பி விமானத்தைப் பார்த்து விரலால் சைகை செய்தார். முகமூடியும் முதுகில் காற்றுக் குப்பியும் மாட்டிய இருவர் பின்கதவுக்குள் ஏறத் தொடங்கினார்கள். ஒருவனுடைய கால் உள்ளே போய்விட்டது.

ப்ரியம்வதாவுக்குப் புரிந்தது. இணையத்தில் சீட்டுப் போடும்போது பயணியின் பெயர் கேட்டிருக்கும், வயது கேட்டிருக்கும். கமலினி தங்கள் ஆத்துப் பெருமாளின் திருநாமத்தைப் போட்டு, அப்பா பெயரைச் சேர்த்து, ஏதோ ஒரு வயதையும் போட்டிருப்பாள். கவுண்டரில் காகிதத்தில் திருத்தினார்கள். கம்ப்யூட்டரில் திருத்தவில்லை.

"சார், அவாளைக் கூப்பிடுங்க. உள்ளே யாரும் இல்லை."

"பேர் இருக்கும்மா. வயசு இருக்கு."

"அது மனுஷர் இல்லை. இந்த மாமா கொண்டு வந்த சாளக்கிராமம். ஆத்துல பூஜை பண்றது. அதுக்கு ஒரு சீட்டு வாங்கியிருந்தா."

அமிர்தசாமி தேசிகனிடம் திரும்பினார். "ஐயா, நீங்கதானே கூட வந்தது? சொல்லுங்க. அந்தப் பேர்ல ஆள் யாராச்சும் உள்ள இருக்காங்களா, இல்லையா?"

தேசிகன் புல்லில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தது. அங்கவஸ்திரத்தை வாயில் பொத்திக்கொண்டார். 'இல்லை' என்று ஒரு வார்த்தை போதும். எட்டுத் தலைமுறையாக அவர் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைப் பெருமாளைப் பற்றிச் சொன்னதில்லை. ஆமாம் என்றும் தலையாட்டவில்லை, இல்லை என்றும் தலையாட்டவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. புதிதாகப் பார்க்கிற எவனுக்கும் அது தம்பியை உள்ளே விட்டுவிட்டு வந்த அண்ணன் முகமாகத்தான் தெரியும்.

"பாரும்மா அவரை" என்றார் அமிர்தசாமி. "நீ சொல்றது தப்பா இருந்தா ஒரு மனுஷன் வெந்து போவான்."

"தெரியும் சார். நீங்க அனுப்பினா ரெண்டு பேர் போவா, இல்லாத ஒருத்தரைத் தேடிண்டு. உள்ளே யாரும் இல்லை. ஏறினது அறுபத்தெட்டு. எறங்கினது அறுபத்தெட்டு. ஒவ்வொரு சீட்டையும் தொட்டுப் பாத்துட்டு வந்திருக்கேன். யாரும் இல்லை."

'யாரும் இல்லை' என்று அவள் மூன்றாம் முறை சொன்னபோது தேசிகன் காதைப் பொத்திக்கொண்டார். அவளுக்கும் அது லேசாக வரவில்லை. அவளும் ஸ்ரீரங்கத்துக்காரிதான். ஆனால் எண்ணத் தெரிந்தவள்.

அமிர்தசாமி அவள் முகத்தையே பார்த்தார். இருபத்தாறு வருஷம் தீயணைப்பில் இருந்தவர். பொய் சொல்கிறவர்கள், பயந்தவர்கள், குழம்பினவர்கள் எல்லாரையும் பார்த்தவர். வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். "ரெண்டு பேரும் வெளிய வா. உடனே. உள்ள ஆள் இல்ல."

அவர்கள் பின்கதவிலிருந்து குதித்து இருபது அடி ஓடியிருப்பார்கள். இறக்கைக்கு அடியில் தீ மூண்டது. நடுப்பகுதியின் ஜன்னல்கள் ஒரு கணம் உள்ளிருந்து மஞ்சளாயின. நான்கு வண்டிகளும் ஒரே இடத்தில் நுரையைப் பீய்ச்சின. இரண்டு நிமிஷத்தில் அடங்கியது. உள்ளே போயிருந்த பையனுக்கு அன்றைக்குப் பெண் பார்க்கும் நாள் என்று பிற்பாடு தெரிந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டும் வந்தானாம்.

அமிர்தசாமி தலைக்கவசத்தைக் கழற்றினார். ப்ரியம்வதாவுக்கு நேரே நின்று, பணியில் இருக்கும் மேலதிகாரிக்கு வைக்கிற மாதிரி ஒரு சல்யூட் வைத்தார். அவளுக்கு எப்படித் திருப்பி வைப்பதென்று தெரியவில்லை. "தேங்க்ஸ் சார்" என்றாள். பிறகுதான் கணுக்கால் வலித்தது.

பெட்டி தப்பியது. மறுநாள் விசாரணைக்காரர்கள் உள்ளே போனபோது மேல் அறையின் கதவு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது, உடைத்து எடுத்தார்கள். பட்டுத் துணி கருகியிருந்தது. தேசிகன் குளித்துவிட்டு மடியாக ஈர வேஷ்டியோடு வந்து வாங்கிக்கொண்டு போனார். ப்ரியம்வதாவின் பக்கம் அவர் திரும்பவில்லை.

வீதியில் பேச்சு ஓயவில்லை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திலும் அதே பேச்சு. பெருமாளைத் தொட்டாளாம். பெரியவரை வாடா போடா என்றாளாம். எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே யாரும் இல்லை என்று ஊரறியச் சொன்னாளாம். பால் வாங்கப் போன இடத்தில் ஒரு மாமி நேரிலேயே கேட்டாள். "அப்படிச் சொல்லலாமோடி? நாக்கு எப்படி வந்தது?"

ப்ரியம்வதா கட்டுப் போட்ட காலோடு நின்றிருந்தாள். "வந்தது மாமி. தேடிண்டு உள்ளே போன ரெண்டு குழந்தைகளைக் காப்பாத்தணுமே. நாக்கு வராம இருந்தாத்தான் தப்பு."

மாமிக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்கே வந்து அம்மாவிடம் முறையிட்டாள். அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே, "ஏறினவா அத்தனை பேரும் ஆத்துக்குப் போய்ச் சேந்தாளா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல. சேந்தாளோல்லியோ? அப்ப எழுந்துண்டு போ, நேக்கு வேலை இருக்கு" என்றாள்.

விசாரணையில் அவளை ஒரு நாள் முழுக்கக் கேட்டார்கள். இருக்கை மாற்றியது, கதவைத் தேர்ந்தது, கூவியது, திரும்ப உள்ளே நடந்தது. அறிக்கையில் அவள் பெயர் இல்லை. 'மூத்த பணியாளர்' என்றுதான் இருந்தது. நான்காம் ஐந்தாம் வரிசையைக் காலி செய்ததால் நான்கு உயிர் பிழைத்தது என்று ஒரு வரி. வெளியேற்றம் எண்பத்தோரு விநாடியில் முடிந்தது என்று ஒரு வரி. கூடுதல் இருக்கையைப் பயணியாகப் பதிவு செய்யும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி. அவள் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து யாருக்கும் காட்டவில்லை. ஷெர்லின் காட்டினாள், புத்தூர் முழுக்க.

கலீம் மட்டும் ஒரு தரம் வீட்டுக்கு வந்தார், மனைவியோடு. கையில் ஒரு ஜோடி செருப்பு, அவள் அளவில். "அன்னிக்கு உங்க காலைப் பாத்தே அளவு எடுத்துட்டேம்மா. தொழில் புத்தி" என்றார்.

பங்குனியில் அவள் மறுபடி வேலைக்குப் போனாள். அதே தடம், அதே மாதிரி விமானம். முதல் வாரம் கேப்டன் அர்ஹம்தான் ஓட்டினார். சக்கரத்தை விட்டபோது மூன்று தட்டலையும் அவள் கேட்டாள். அவர் அங்கிருந்து தொலைபேசியில், "மூணும்மா" என்றார். "தெரியும் சார்" என்றாள்.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். திருச்சியிலிருந்து காலை விமானம். கதவருகே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். படியேறி வந்தவர் தேசிகன். மார்போடு அதே அணைப்பில் பெட்டி, மேலே புதுப் பட்டு. அவளைப் பார்த்ததும் நின்றார். அவருக்குப் பின்னால் படியில் ஆட்கள் நெருக்கினார்கள்.

அவர் பேசாமல் உள்ளே போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டாள். அவர் போகவில்லை.

"சீட்டு ரெண்டு வாங்கியிருக்கு" என்றார். குரல் படியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. "ஆனா ஆள் நான் ஒருத்தன்தாம்மா. எல்லா எடத்துலயும் அப்படியே எழுதச் சொல்லிட்டேன், கம்ப்யூட்டர்லயும். நான் ஒருத்தன்தான். நன்னா எண்ணிக்கோ."

"இருபத்து மூணு" என்றாள் ப்ரியம்வதா, கருவியை ஒரே ஒரு தரம் அழுத்தி, அவருக்குக் கேட்கும்படியாக.